ஆட்டுக்குத் தாடி எதற்கு? (கப்பன் பூங்காவில் கிளம்பிய சந்தேகம்)

அல்சூர் அப்பா | ஞாயிறு, இரவு 9.40

காலையில் மகளைப் பெங்களூர் கப்பன் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து வயது. பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும் கலந்து. ஒரு ஆலமரத்தடியில் அண்ணாந்து நின்று, "அப்பா, மரத்துக்கு கட்டா வந்திருச்சு" என்றாள். கன்னடத்தில் தாடிக்கு அதுதான் பெயர். (தமிழில் எழுதினால் கட்டம் போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஒலி நம் எழுத்துக்குள் அடங்காது, மன்னியுங்கள்.)

"அது தாடி இல்லடா, விழுது" என்று திருத்தினேன். விழுதென்றால் என்ன என்றாள். வேர் என்றேன். "வேர் கீழதானே இருக்கும்?" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கிட்டே போய்ப் பார்த்தோம். புதிதாக இறங்கும் விழுது நூல்கற்றை போல இருக்கிறது. நுனி மட்டும் வெளிர் மஞ்சள், தொட்டால் முளைகட்டிய பயறு போல மெத்தென்று இருக்கிறது. நடைபாதைக்கு மேலே தொங்கியவற்றை யாரோ ஒரே மட்டமாக நறுக்கியிருந்தார்கள். "ட்ரிம் பண்ணியிருக்காங்க" என்றாள்.

வரும் வழியில் ஆட்டோவில் யோசித்தேன். விழுதுக்கு மரத்தைத் தாங்கும் வேலை இருக்கிறது. மூன்று வருடமாக நான் வளர்க்கும் தாடிக்கு என்ன வேலை? வத்தக்குழம்பைத் தேக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அறிஞர் அண்ணா கேட்டார் இல்லையா? நான் பின்பாதியை அரசியல் இழைக்காரர்களிடம் விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் கேட்கிறேன். நீங்கள் பார்த்த தாடிகளையும் தாடி மாதிரியான சமாசாரங்களையும் கொட்டுங்கள். வேலை உள்ளதா, வெட்டியா?

---

பாட்டனி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.15

உங்கள் மகளைத் திருத்தியிருக்கவே வேண்டாம். கரீபியன் கடலில் பார்படோஸ் என்று ஒரு நாடு இருக்கிறதே, அந்தப் பெயருக்குப் போர்த்துக்கீசிய மொழியில் 'தாடிக்காரர்கள்' என்று பொருள். அங்கே இருந்த அத்தி இன மரங்களின் தொங்கும் விழுதுகளைப் பார்த்துத்தான் மாலுமிகள் அப்படி அழைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆலமரமும் அத்திக் குடும்பம்தான். கடலோடிகளுக்குத் தோன்றியது உங்கள் வீட்டுக் குட்டிக்கும் தோன்றியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கெங்கேரி தாண்டி ராமோஹள்ளிக்குக் கூட்டிப் போங்கள். தொட்ட ஆலத மர. ஒரே ஆலமரம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், வயது 400 என்பார்கள். அங்கே போய் 'இதில் அம்மா மரம் எது?' என்று மகளிடம் கேளுங்கள். கண்டுபிடிக்க முடியாது. நடு மரம் நோய் வந்து போய்விட்டது. இன்றைக்கு நிற்பதெல்லாம் விழுதாக இறங்கித் தூணானவை. தாடி மட்டும் மிஞ்சி, ஆள் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நகரத்துக்குள் இருக்கிற ஆல்களுக்கு அந்த யோகம் கிடையாது. கீழே தார், மேலே கேபிள். மண்ணைத் தொடுவதற்கு முன்பே நறுக்கிவிடுகிறார்கள். தூண் இறங்காத கிளை எவ்வளவு தூரம்தான் நீளும்?

---

கேஜிஎஃப் ராசா | ஞாயிறு, இரவு 10.22

மக்காச்சோளத் தாடியை விட்டுவிட்டீர்களே. வண்டியில் கதிர் சுடுகிறவர் உரித்து வீசும் அந்த முடி. அதற்கு என்ன வேலை? பல்லில் மாட்டுவதா?

---

பாட்டனி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.41

ராசா, இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் முப்பது வருடம் ஓட்டினேன். அந்தத் தாடியில் ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்குச் சொந்தம். கதிருக்குள் வரிசையாகச் சூல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை கிளம்பி, மடலுக்குள்ளேயே நீண்டு, நுனியில் வெளியே எட்டிப் பார்க்கும். காற்றில் வரும் மகரந்தத் தூள் அந்த இழையில் ஒட்டி, இழைக்குள் குழாய் விட்டுக்கொண்டு கீழே இறங்கி, சூலைச் சேர்ந்தால்தான் மணி. தூள் கிடைக்காத இழையின் இடத்தில் பொக்கை விழும். பல்லுப்போன கதிரை வண்டிக்காரர் ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார், கவனித்திருப்பீர்கள். அது தாடியில் நேர்ந்த பிழை.

---

கே.ஆர்.புரம் கார்த்தி | ஞாயிறு, இரவு 11.05

கேள்வியோடு வந்திருக்கிறேன். பால்கனிக்கு என்று ஒரு நர்சரியில் சாம்பல் நிறத்தில் சாமியார் தாடி மாதிரி ஒரு செடி வாங்கினேன். பெயர் ஸ்பானிஷ் மாஸ். 'மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், சும்மா மாட்டுங்க சார்' என்றார் கடைக்காரர். மூன்று மாதமாகச் சும்மாதான் மாட்டியிருக்கிறேன். செத்ததா, தவத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

---

பாட்டனி டீச்சர் | ஞாயிறு, இரவு 11.20

மண் வேண்டாம் என்பது சரி, தண்ணீர் வேண்டாம் என்பது வியாபாரம். இப்போதே ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி எடுங்கள். பச்சை தட்டினால் உயிர் இருக்கிறது. சாம்பலாகவே இருந்தால் வருத்தப்படாமல் மெத்தைக்குள் திணித்துக்கொள்ளலாம். கேலி இல்லை, அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதைக் காயவைத்து மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் அடைத்தார்கள்.

பெயரில் மாஸ் இருந்தாலும் இது பாசி கிடையாது. அன்னாசிக் குடும்பத்துப் பூச்செடி. உடம்பெல்லாம் மெல்லிய செதில், அதன் வழியாகவே நீரை உறிஞ்சும். காய்ந்திருக்கும்போது செதில்களால் சாம்பலாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நன்றாக நனையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மரக்கிளைகளில் தொங்கும் வெளிர்பச்சைத் தாடி வேறு. அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துவது. காற்றில் கந்தகப் புகை ஏறினால் முதலில் காணாமல் போகிற ஆட்களில் அதுவும் ஒன்று. சில்க் போர்டு சந்திப்பில் தேடாதீர்கள்.

---

கே.ஆர்.புரம் கார்த்தி | ஞாயிறு, இரவு 11.48

அமுக்கினேன். நடுவில் ஒரு கைப்பிடி பச்சை தட்டியது. மிச்சம் மெத்தைக்கு.

---

தமிழ் வாத்தியார் | திங்கள், காலை 6.10

அல்சூரில் இருந்துகொண்டு ஆலமரத்துக்கு கப்பன் பூங்கா போன தம்பிக்கு: உங்கள் ஏரிக்கரையிலேயே ஒரு பெருந்தாடி உட்கார்ந்திருக்கிறதே. திருவள்ளுவர். 1991இலிருந்து 18 வருடம் மூடியே கிடந்த சிலை. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கலைஞர் வந்து திறந்து வைத்தார், எடியூரப்பா முதல்வராக உடன் இருந்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். திறப்பன்று நான் கூட்டத்தில் நின்றேன். துணி விலகியதும் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிலையைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், தாடி பற்றி வள்ளுவர் தெளிவாகவே பேசியிருக்கிறார். 'மழித்தலும் நீட்டலும் வேண்டா உலகம் பழித்தது ஒழித்து விடின்.' 280ஆவது குறள், கூடாவொழுக்கம். உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் மொட்டையும் தேவையில்லை, சடையும் தாடியும் தேவையில்லை என்கிறார். சொன்னவருக்கே நாம் மார்பு வரை தாடி வைத்துவிட்டோம். ஓவியர் வேணுகோபால் சர்மா வரைந்த உருவம் அது. 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் அந்தப் படத்தைத் திறந்து வைத்தவர் ஜாகிர் உசேன். அவரும் தாடிக்காரர்தான்! அன்றிலிருந்து வள்ளுவர் என்றால் அந்தத் தாடி. தாடியை எடுத்துவிட்டால் நம்மில் எத்தனை பேர் அவரை அடையாளம் கண்டுகொள்வோம்?

இன்னொன்று. தாடி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன் நம்மிடம் அணல் என்று ஒரு சொல் இருந்தது. புறநானூறு 83ஆம் பாட்டில் 'மையணற் காளை' என்று வருகிறது. கருந்தாடி அரும்பிய இளைஞன். பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அவன் மேல் காதல், ஆனால் அம்மாவுக்குப் பயம், ஊருக்கும் பயம். அரசனைப் பாட வந்த பெண்ணின் கண் தாடியில் போய் நின்றிருக்கிறது.

---

கேஜிஎஃப் ராசா | திங்கள், காலை 7.30

ஐயா, அப்போ வேலை இருக்கு. குறித்துக்கொண்டேன்.

---

நாகர்கோவில் நளினி | திங்கள், காலை 8.02

எங்கள் ஊர் எல்லை தாண்டினால் மலையாளத்தில் தாடி என்றால் மோவாயும்தான். என் மலையாளித் தோழி மூன்று வயதுப் பெண் குழந்தையைப் பார்த்து 'தாடியில் சோறு ஒட்டியிருக்கு' என்றபோது ஒரு நொடி திகைத்துப்போனேன்.

கம்மனஹள்ளியில் கல்லுமக்காய் வாங்கினால் அதற்கும் தாடி உண்டு. சிப்பியின் இடுக்கில் பழுப்பாக ஒரு நார்க்கொத்து நீட்டிக்கொண்டிருக்கும். அலையடிக்கிற பாறையில் அது பிடித்துக்கொள்ளும் கயிறு. திரவமாகச் சுரந்து, நீருக்குள்ளேயே இறுகி ஒட்டுகிற புரதம். ஈரத்தில் ஒட்டும் பசையை நாம் கடையில் தேடி அலைகிறோம், அது சும்மா தயாரித்துக்கொண்டிருக்கிறது. சமைக்கும் முன் அந்த நாரைப் பிடித்து, சிப்பியின் கீல் இருக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். வாய்ப்பக்கம் இழுத்தால் சதை கிழியும். இதை என் மாமியார் எனக்கு மூன்று முறை செய்து காட்டினார், நான்காவது முறை கத்தினார்.

---

பறவைப் பைத்தியம் | திங்கள், காலை 8.20

பெங்களூரில் காலையில் குட்ரூ குட்ரூ என்று உயிரை வாங்குகிற பச்சைப் பறவை, குக்குறுவான். அலகைச் சுற்றி விறைப்பான முள்முடிகள் இருக்கும். அதன் ஆங்கிலப் பெயரான பார்பெட் என்பதே தாடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொலைநோக்கி இல்லாவிட்டால் அந்தத் தாடி தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

---

ஒட்டுத்தாடி | திங்கள், மதியம் 1.15

என் புனைபெயரைப் பார்த்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, பரவாயில்லை. இருபது வருடமாக இங்குள்ள தமிழ் நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிறேன்.

ஒட்டுத்தாடியைக் கடையில் வாங்கி காதில் மாட்டுவது பள்ளி விழாவுக்கு. கிட்டே நிற்கும் பார்வையாளருக்கு அது ஆகாது. பின்னல் மாதிரி வரும் செயற்கை முடியைப் பிரித்து, நீவி, சின்னச் சின்னக் கொத்தாகக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் கோந்து தடவி, அது இழுபடும் பதம் வரும்வரை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டுவது எப்போதும் கீழிருந்து மேலே. முதலில் மோவாய்க்கு அடியில், அப்புறம் மோவாய், அப்புறம் கன்னம், மீசை கடைசி. ஓடு வேய்கிற கணக்கு. மேலிருந்து ஆரம்பித்தவன் தாடி துடைப்பம் மாதிரி நிற்கும்.

எதிரி வியர்வை. ஒரு முறை மே மாதம், மின்விசிறி ஓடாத அரங்கு. முனிவராக நடித்தவர் ஒல்லி மனிதர், ஆனால் வியர்வை மட்டும் மூன்று ஆளுக்கு. ஆசீர்வதிக்கிற காட்சியில் வலக்கையைத் தூக்கினார், இடக்கையால் தாடியை நீவினார், பாதி கையோடு வந்துவிட்டது. காலில் விழுந்திருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான்: "சுவாமி, தங்கள் தவம் உதிர்கிறது." அரங்கம் அதிர்ந்தது. அடுத்த காட்சிக்கும் அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா என்று இயக்குநர் கேட்டார்.

ஆறுதலுக்குச் சொல்கிறேன், எகிப்திலும் இதே கதை. அங்கே மன்னர்கள் ஒட்டுத்தாடிதான் கட்டுவார்கள். ஹட்ஷெப்சுட் அரசியே தாடியோடு சிலை வைத்துக்கொண்டார். தூத்தன்காமனின் தங்க முகமூடி இருக்கிறதே, 2014இல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் அதன் தாடி கழன்றுவிட்டது. அவசரத்துக்கு எப்பாக்ஸிப் பசை போட்டு ஒட்டி, பசை வெளியே வழிந்து, உலகம் சிரித்தது. மறு வருடம் ஒரு ஜெர்மன் நிபுணர் குழு பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேன்மெழுகால் ஒட்டியது. மூவாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்த பொருள் தேன்மெழுகு. தொழில் தெரிந்தவன் கடைசியில் பழைய பசைக்குத்தான் வருவான்.

---

பெயர் வேண்டாம் | திங்கள், மாலை 6.50

எல்லாரும் வளர்ந்த தாடியைப் பேசுகிறீர்கள். எனக்குப் போன வருடம் தாடியில் ஒரு ரூபாய் அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம் விழுந்தது. புழுவெட்டு. அம்மா ஊரிலிருந்து சின்ன வெங்காயம் அனுப்பினார், தேய்க்க. வீடியோ மீட்டிங்கில் கேமராவுக்கு இடப்பக்கமாகவே உட்கார்ந்து ஆறு மாதம் ஓட்டினேன். புழு ஏதோ தின்றுவிட்டது என்றே நானும் நம்பியிருந்தேன். தோல் மருத்துவர் சிரித்துவிட்டு, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உங்கள் உடம்பின் காவல் படையே ஆள் மாறி முடிவேர்களைத் தாக்குகிறது என்றார். மழித்தால் அடர்த்தியாக வரும் என்று சலூன்காரர் சொன்னதையும் கேட்டேன். அதை 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் ஆய்வாளர் ஆட்களை வைத்து அளந்து பார்த்துப் பொய் என்று காட்டிவிட்டாராம். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஊசி போட்டார்கள். முதலில் வெள்ளை முடியாக வந்தது, இப்போது கருப்பாகிக்கொண்டிருக்கிறது. தினமும் கண்ணாடியில் அந்த வட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

---

இந்திராநகர் இலக்கியா | திங்கள், இரவு 8.30

உங்களுக்கு வர வேண்டியது வரவில்லை, எனக்கு வரக்கூடாதது என்று ஊர் சொல்வது வருகிறது. சினைப்பையில் நீர்க்கட்டி, ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதல், அதனால் மோவாயில் முடி. நிறையப் பெண்களுக்கு உண்டு, யாரும் பேச மாட்டார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை பார்லரில் நூல் வைத்து எடுக்கிறேன். கண்ணில் தண்ணீர் வரும். கல்யாண வீட்டில் ஒரு அத்தை முகவாயைத் தொட்டுப் பார்த்து, மஞ்சள் பூசும்மா என்றார். தாடிக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, பார்லர் அக்காவுக்கு வேலை இருக்கிறது.

வாத்தியார் ஐயா, நக்கண்ணையார் பாட்டை முழுசாகப் போடுங்கள். படிக்க வேண்டும்.

---

தமிழ் வாத்தியார் | திங்கள், இரவு 8.44

நாளை தனி இழையில் உரையோடு போடுகிறேன் அம்மா. அந்த அத்தைக்கு நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

---

கேஜிஎஃப் ராசா | திங்கள், இரவு 9.10

கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு: தாடியில் தீப்பிடித்த பிறகு கிணறு தோண்டினானாம். நம் ஊரில் என்ன சொல்கிறோம்? தாடி பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டானாம். அவர்கள் எரிகிறவனைத் திட்டுகிறார்கள், நாம் பக்கத்தில் நிற்கிறவனைத் திட்டுகிறோம். இரண்டு ஊரிலும் ஒருத்தனும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

---

சர்ஜாபூர் சரவணன் | திங்கள், இரவு 9.35

மனிதத் தாடிக்கு ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறார்கள். குத்துச்சண்டையில் தாடையைக் காப்பாற்றுமா என்று அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். எலும்பு மாதிரியான பொருளின் மேல் செம்மறி ஆட்டு ரோமத்தோலைப் போர்த்தி, மேலிருந்து எடையைப் போட்டார்கள். ரோமம் இருந்தவை ஏறக்குறைய 30 சதவீதம் அதிக ஆற்றலை உள்வாங்கின. 2021இல் அதற்கு இக் நோபல் என்கிற சிரிப்பு நோபல் கொடுத்தார்கள், அதுவும் அமைதிக்கான பரிசு! கவனியுங்கள், மனிதத் தாடிக்காகக் கடைசியில் ஆட்டு ரோமத்தைத்தான் போர்த்தியிருக்கிறார்கள்.

---

திருமங்கலம் வெள்ளாடு | செவ்வாய், காலை 5.55

மூன்று நாளாக எல்லாரும் மரம், சிப்பி, எகிப்து என்று சுற்றுகிறீர்கள். தலைப்பு ஆடு. ஆடு வளர்த்தவன் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் கோடு எழுதினாலும் நான் நாற்பது ஆட்டுக்கு நடுவில் வளர்ந்தவன், சொல்கிறேன்.

கிடாவுக்கு வேகம் வரும் பருவத்தில் பாருங்கள். முதுகை வளைத்து, தலையைக் கால்களுக்கு இடையில் கொண்டுபோய், தன் மூத்திரத்தைத் தன் தாடியிலேயே அடித்துக்கொள்ளும். முகம், தாடி, முன்னங்கால் எல்லாம் நனையும். தாடி முடி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றடிக்கிற திசையில் அந்த வாடை போகும். நமக்குக் குமட்டும், பெட்டை ஆட்டுக்கு அதுதான் அத்தர். வாடை பிடித்துத் தானாக வந்து நிற்கும். ஆட்டுக்குத் தாடி எதற்கு என்றால் இதற்கு. என் அப்பாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பெட்டைக்கும் சிலதுக்குத் தாடி உண்டு. அது எதற்கு என்று அவரிடமும் கேட்டேன். "அழகுக்கு" என்றார்.

அப்புறம், மாட்டுக் கழுத்தில் தொங்கும் மடிப்புச் சதைக்கு அலைதாடி என்று பெயர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அலை மாதிரி ஆடும். சொல்லை வைத்தவன் மாட்டுக்குப் பின்னால் நடந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

---

நாகர்கோவில் நளினி | செவ்வாய், காலை 7.20

காபி குடித்துக்கொண்டே படித்தேன். தவறு என்னுடையது.

---

அல்சூர் அப்பா | செவ்வாய், இரவு 10.05

சனி, ஞாயிறு வந்தால் ராமோஹள்ளி, முடிவாகிவிட்டது. டீச்சருக்கு நன்றி.

வெள்ளாட்டு அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் சுத்தப்படுத்தி மகளிடம் சொன்னேன். ஆடு தாடியில் உச்சா போய்க்கொள்ளும், அந்த வாசனைக்கு ஃபிரண்ட்ஸ் வருவார்கள் என்று. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கப் போகும்போது வழக்கம்போல முத்தம் கேட்டேன்.

"மொதல்ல போய் மூஞ்சி கழுவிட்டு வாப்பா" என்றாள்.